பழைய ஜீப்பில் மலை இறங்கப் போறீங்களா? முன் ஆக்ஸில் உஷார்!

பழைய ஜீப்பை வாங்கிப் புதுப்பிப்பது இன்று பெரிய மோகமாகப் பரவிவிட்டது. தோட்டத்துக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டியைப் பேரம் பேசி எடுக்கிறார்கள். தகரம் தட்டி, ராணுவப் பச்சை அடித்து, பெரிய மட் டயர் மாட்டி, பம்பரில் வின்ச், தலைக்கு மேல் விளக்கு வரிசை என்று லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள். பெயின்ட் காய்ந்ததும் மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். “இன்ஜின் செஞ்சாச்சா?” என்று கேட்டால் “செஞ்சாச்சு” என்பார்கள். “பிரேக்?” என்றால், “டைட் வெச்சாச்சு” என்பார்கள். உஷார்! டைட் வைப்பதோடு முடிகிற வேலை இல்லை அது.

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியில் 36. ஏறும்போது இன்ஜின் கைவிட்டால் வண்டி நின்றுவிடும். இறங்கும்போது பிரேக் கைவிட்டால் வண்டி நிற்காது. உங்களோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும், எதிரே வரும் பஸ்ஸில் இருப்பவர்களும் உங்கள் வண்டியின் நான்கு பிரேக் டிரம்களை நம்பித்தான் வருகிறார்கள்.

மகிந்திரா 1947-ல் இந்தியாவில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்காக வடிவமைத்த அந்த முன் ஆக்ஸில், சிறுசிறு மாற்றங்களோடு பல பத்தாண்டுகள் நம் சாலைகளில் ஓடியது. முரட்டு உழைப்பாளி. ஆனால் அந்த வடிவமைப்பில் ஆக்ஸிலும் பிரேக்கும் வேறு வேறு சங்கதி இல்லை. ஆக்ஸில் ஒழுகினால் பிரேக் செத்துப்போகும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டுவைத்தால் செய்ததும் வீண்.

டயரின் உட்புறத்தைப் பாருங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டு, முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். ஆக்ஸில் குழாயின் நுனியில் தேங்காய் அளவுக்கு ஓர் இரும்பு உருண்டை தெரியும். சக்கரம் திரும்பும்போது அந்த உருண்டையைத் தழுவிக்கொண்டு நக்கிள் திரும்புகிறது. உருண்டைமேல் மெல்லிய எண்ணெய்ப் பசை இருந்தால் கவலை வேண்டாம். சீல் காயாமல் இருக்க அது தேவை. ஆனால் டயரின் உள்சுவரில் கறுப்புக் கோடுகள் தெறித்திருந்தாலோ, பிரேக் பிளேட்டின் அடியில் சொட்டு தொங்கினாலோ, வண்டியை அன்றே ஓரங்கட்டுங்கள்.

சொட்டை விரலில் எடுத்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை குப்பென்று அடித்தால் கியர் ஆயில். ஆக்ஸில் குழாய்க்குள் இருக்கும் ஆயில் சீல் தேய்ந்து, கிரவுனில் இருக்க வேண்டிய ஆயில் நக்கிளுக்குள் இறங்குகிறது. அங்கே நிரம்பியதும் ஸ்பிண்டில் வழியாக ஹப்புக்குப் போகிறது. ஹப் சீலும் தேய்ந்திருந்தால் நேராக டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைக்கிறது. கந்தக வாடை இல்லாமல், தண்ணீர் போல மெலிதாக, பட்ட இடத்தில் பெயின்ட்டை உரிக்கிற திரவம் என்றால் அது பிரேக் ஆயில். வீல் சிலிண்டர் ஒழுகுகிறது.

சீலை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதி அடையாதீர்கள். ஆக்ஸில் மேலே இருக்கும் மூச்சுத் துளையில் மண் அடைத்திருந்தால், உள்ளே சூடாகும் காற்று வெளியேற வழியில்லாமல் புது சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். உருண்டைமேல் துருக்குழி இருந்தால் புது சீலின் உதட்டை அது கிழித்துவிடும். நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் மாட்டுகிற இடமெல்லாம் நிரவி, வழுவழுப்பாகத் தேய்த்த பிறகுதான் சீல் போட வேண்டும்.

லைனிங்கைக் கொளுத்தும் வேலை வேண்டாம்!

ஆயில் குடித்த பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பு வைத்துக் காயவிட்டு, உப்புத்தாள் போட்டு மறுபடி மாட்டுவது பல பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. பார்க்கப் புதுசு போலத்தான் இருக்கும். ஊரைச் சுற்றி வந்தால் பிடிக்கவும் செய்யும். மலை இறக்கத்தில் டிரம் சூடேறும்போதுதான் உள்ளே ஊறிய ஆயில் கசிந்து மேலே வரும். ஒரு சக்கரம் வழுக்கும். எதிர்ச் சக்கரம் கவ்வும். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பக்கம் பள்ளத்தாக்காக இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஆயில் பட்ட லைனிங்கைத் தூக்கி எறியுங்கள். ஒரு பக்கம்தான் நனைந்திருக்கிறது என்றாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். டிரம்மை லேத்தில் கடைந்தால் இடது, வலது இரண்டும் ஒரே அளவுக்கு வர வேண்டும். பலமுறை கடைந்து மெலிந்த டிரம்மை மீண்டும் கடையவே கூடாது. மெல்லிய டிரம் சீக்கிரம் சூடாகி விரியும். ஷூ எட்டாத தூரத்துக்கு டிரம் விலகும். உங்கள் பெடல் தரையைத் தொடும்.

தூசியை ஊதாதீர்கள்!

டிரம்மைக் கழற்றியதும் காற்றுக்குழாயைப் பிடித்து ‘புஸ்’ஸென்று அடிப்பார்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்த நார் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. நுரையீரல் புற்றுநோயும், மார்புறையைத் தாக்கும் மீசோதெலியோமா என்ற புற்றுநோயும் பல பத்தாண்டுகள் கழித்து வரலாம். பட்டறையில் டீ வாங்கி வரும் பையனும் அந்தத் தூசியைத்தான் சுவாசிக்கிறான். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். முகமூடி கட்டாயம்.

கை பிரேக்கை நம்பி ஜாக் போடாதீர்கள்!

இது பலருக்குத் தெரியாத ஆபத்து. வில்லிஸ் வழி வந்த பல ஜீப்புகளில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. பின் சக்கரங்களில் ஒன்றைத் தூக்கினால் போதும், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் காற்றில் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் தாராளமாக உருளும். கை பிரேக் முழுக்க இழுத்திருந்தாலும் வண்டி ஜாக்கிலிருந்து சரியும். ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால் கை பிரேக்கே கிடையாது.

எனவே தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு உறுதியான ஸ்டாண்ட் வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்காமல் பொடிந்துபோகும். அவற்றை அடுக்கிவைத்து வண்டிக்கு அடியில் ஒருவரும் தலையை நுழைக்க வேண்டாம்.

இன்னொன்று: பழைய வில்லிஸ் மாதிரிகளில் இடப்பக்கச் சக்கரங்களின் போல்ட்டுகள் இடது மரை. போல்ட் நுனியில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். தெரியாமல் வழக்கமான திசையில் கழற்ற நினைத்து, குழாய் சொருகி ஏறி மிதித்தால் போல்ட் முறியும். முறியாமல் விரிசல் மட்டும் விட்டால் இன்னும் மோசம். அது ஓடும்போது முறியும்.

ஸ்டீரிங் ஆடுகிறதா? டேம்பர் மாட்டி மறைக்காதீர்கள்

ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீரிங் கையை விட்டுத் துள்ளுகிற அளவுக்கு ஆடுகிறது என்றால், நக்கிளைத் தாங்கும் கிங் பின் பேரிங்குகளை முதலில் சந்தேகப்படுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டுக்கும் இடையே சரியான அழுத்தம் இருக்க வேண்டும். அந்த அழுத்தத்தைத் தீர்மானிப்பது மெல்லிய ஷிம் தகடுகள். பலர் டேம்பர் மாட்டி ஆட்டத்தை அடக்கிவிடுகிறார்கள். நோய் உள்ளேயேதான் இருக்கிறது. முற்றும்போது சொல்லிக்கொண்டு வராது.

வீட்டிலேயே பார்க்கலாம். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங். போகவில்லை என்றால் கிங் பின்.

கிங் பின் பேரிங்கை மாற்றும்போது வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய வளையத்தில் புது பேரிங் நிலைக்காது. ஷிம்மைக் கண்ணளவில் போடும் மெக்கானிக்கிடம், சீல் போடுவதற்கு முன்பே ஸ்பிரிங் தராசு மாட்டி, நக்கிள் எவ்வளவு இழுப்பில் திரும்புகிறது என்று கம்பெனிக் கையேட்டு அளவோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வீல் பேரிங்கிலும் அவசரம் ஆகாது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, இறுகிப் பிடிக்கும்வரை நட்டை முறுக்கி, பிறகு சுமார் ஆறில் ஒரு சுற்று தளர்த்த வேண்டும். அதன்மேல் லாக் வாஷர், அடுத்த நட்டு, கடைசியாக வாஷரின் நாக்கை மடக்குவது. ஏற்கெனவே மடக்கி நிமிர்த்திய வாஷரை மறுபடி போடாதீர்கள். சில ரூபாய் மிச்சம் பிடித்து சக்கரத்தைப் பறிகொடுக்கலாமா?

ஒரு கசிவு, நான்கு சக்கரமும் காலி!

இன்றைய கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனி வழிகளில் போகிறது; ஒன்று ஒழுகினாலும் மற்றது பிடிக்கும். பழைய ஜீப்பில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே வழி. ஓர் இடத்தில் பைப் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. அதனால் இந்த வழியில் இருக்கும் எதையும் “இன்னும் கொஞ்ச நாள் ஓடும்” என்று விடாதீர்கள்.

ரப்பர் கப்புகளையும் சிலிண்டர்களையும் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெயில் கழுவவே கூடாது. இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு பிரேக் ஆயிலில் கலந்தாலும் ரப்பர் ஊதிப் பாழாகும். கழுவுவதற்குப் புது பிரேக் ஆயிலே போதும். சிலிண்டர் உள்சுவரில் குழி இருந்தால் மாற்றிவிடுங்கள்.

சாதாரணச் செம்புக் குழாயை வளைத்து பிரேக் பைப் ஆக்குவதற்குச் சம்மதிக்காதீர்கள். அதிர்வில் செம்பு இறுகி விரிசல் விடும். இரட்டை மடிப்பு வைத்த ஸ்டீல் பைப்தான் வேண்டும். முன் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே வீங்கியிருக்கும். மிதிக்கும்போது ஆயிலை உள்ளே விடும், கால் எடுத்தால் திரும்ப விடாது. அந்தச் சக்கரம் பிடித்தபடியே ஓடிக் கொதிக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு 230, 155. நீண்ட இறக்கத்தில் டிரம்மின் சூடு ஆயிலுக்கு ஏறி, கொதித்து ஆவியானால், நீங்கள் மிதிப்பது வெறும் ஆவியைத்தான். எப்போது ஊற்றினார்கள் என்று தெரியாத ஆயிலை முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இவற்றோடு கலக்காதீர்கள்.

பெடலைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கம்பி போய் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தொடுவதற்கு முன் சுமார் அரை அங்குலம் சும்மா இறங்க வேண்டும். “பெடல் உடனே பிடிக்கணும்” என்று அந்த இடைவெளியை மூடிவிட்டால், ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை அடைபடும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் நான்கு பிரேக்கும் தானாகவே இறுகும்.

பூட்டியாச்சு... உடனே மலைக்கா?

அவசரப்படாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுங்கள். பெடல் மெத்தென்று இருந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்; மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் கப் போய்விட்டது. இந்த இரண்டில் எது இருந்தாலும் வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது.

முதல் ஓட்டம் காலி மைதானத்தில், மெதுவான வேகத்தில். ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஊருக்குள் கொஞ்ச தூரம் ஓட்டி, ஒவ்வொரு டிரம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாகத் தகித்தால் அது பிடித்துக்கொண்டிருக்கிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டு, ஸ்பிண்டில் போல்ட், ஸ்டீரிங் மூட்டுகளின் ஸ்பிலிட் பின், வீல் பேரிங் அனைத்தையும் மறுபடி சரிபாருங்கள். அதற்குப் பிறகு மலைக்குப் போங்கள்.

போகும்போதும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இன்ஜின் பிடித்து இழுக்கட்டும். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காதீர்கள். ஓடையைக் கடந்தால் டிரம்முக்குள் தண்ணீர் போயிருக்கும். மெதுவாக ஓட்டியபடியே பெடலை லேசாக மிதித்து மிதித்துக் காயவைத்த பிறகே இறக்கத்தைத் தொடுங்கள்.

ஏற்கெனவே ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த பயணத்துக்கு நாள் குறிப்பதற்கு முன், முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, டிரம்மைத் திறந்து, உங்கள் கண்ணாலேயே பாருங்கள். மெக்கானிக் சொன்னார், விற்றவர் சொன்னார் என்பதெல்லாம் வளைவில் உதவாது. உள்ளே ஈரம் இருந்தால் பயணத்தை ரத்து செய்யுங்கள். விளக்கு வரிசைக்கு வைத்திருக்கும் பணத்தை எடுத்து சீலும் பேரிங்கும் ஷூவும் ஹோஸும் வாங்குங்கள். வின்ச் அடுத்த வருடம் மாட்டிக்கொள்ளலாம்.