ரூ.30 ஆயிரத்தில் வீட்டிலேயே ரெக்கார்டிங் ஸ்டூடியோ: எதை வாங்கணும்? எதில் ஏமாறக் கூடாது?

மதுரை:

கையில் இருக்கும் காசைக் கொட்டி விலை உயர்ந்த மைக் வாங்குகிறார்கள். வீட்டுக்கு வந்து பாடிப் பார்த்தால் கிணற்றுக்குள் இருந்து பாடுவது போலக் கேட்கிறது. வீட்டிலேயே ஸ்டூடியோ போட ஆசைப்படும் பலருக்கு நடப்பது இதுதான்.

கானா பாடுகிறவர்கள், கிராமியப் பாடகர்கள், திருவிழா பாட்டு, பக்திப் பாட்டு, தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு என்று எழுதிப் பாடுகிறவர்கள் இன்று ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பாட்டைப் பதிவு செய்து யூடியூப்பில் போட்டால் நாலு கச்சேரி வாய்ப்பு வரும் என்பது அவர்களின் கணக்கு. அதற்காக நகையை அடகு வைத்தும், தவணைக்கும் சாமான் வாங்குகிறார்கள்.

சாமான் சரியாக அமையாவிட்டால் பாட்டும் போச்சு, பணமும் போச்சு. வட்டி மட்டும் மாசாமாசம் நிற்காமல் வரும். இந்தத் தொழிலில் எதை முதலில் வாங்க வேண்டும், எதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற வரிசை தெரிந்தால் பாதிக் காசு மிச்சம்.

படுக்கை அறையில் பதிவான பாட்டு

வீட்டில் பதிவு செய்தால் தரம் இருக்காது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' ஆல்பம் 1982ல் வந்தது. அவருடைய வீட்டுப் படுக்கை அறையில், 4 டிராக் கேசட் ரெக்கார்டரையும் 2 சாதாரண மைக்கையும் வைத்துப் பதிவு செய்தது அது.

பாடகி பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம் 2019ல் வெளியானது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பெற்றோர் வீட்டில் உள்ள சின்னப் படுக்கை அறையில்தான் அதை அவரும் அண்ணனும் உருவாக்கினார்கள். 2020ம் ஆண்டு கிராமி விழாவில் சிறந்த ஆல்பம் விருது அதற்குத்தான் கிடைத்தது.

முதல் செலவு அறைக்கு

ஸ்டூடியோ என்றதும் எல்லோரும் மைக்கைத்தான் பார்க்கிறார்கள். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது அறை. நம்ம ஊர் வீடுகளில் கான்கிரீட் கூரை, சிமெண்ட் சுவர், கீழே டைல்ஸ். சத்தம் எல்லாப் பக்கமும் மோதித் திரும்பும்.

அறைக்கு நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கையைத் தட்டிப் பாருங்கள். "ட்ரிங்" என்று ஒரு சத்தம் பின்னாடியே வந்தால் அங்கே எந்த மைக் வைத்தாலும் எதிரொலி விழும். ஒரு தடவை பதிவான எதிரொலியை அப்புறம் கம்ப்யூட்டரில் சுத்தமாக எடுப்பது கஷ்டம்.

இதற்கு வைத்தியம் வீட்டிலேயே இருக்கிறது. பாடுகிறவருக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் கனமான கம்பளி, ரஜாய் தொங்கவிடலாம். இலவம் பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைக்கலாம். கீழே ஜமுக்காளம் விரிக்கலாம். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் எதிரே மைக்கை வைத்தாலும் எதிரொலி குறையும்.

கொஞ்சம் காசு இருந்தால் தச்சரிடம் சொல்லி மரச் சட்டம் அடித்து, அதற்குள் 2 முதல் 4 அங்குலக் கனத்துக்கு ராக்வூல் அடைத்து, மேலே துணி போர்த்திச் சுவரில் மாட்டலாம். ராக்வூல் தொடும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். இல்லாவிட்டால் உடம்பு அரிக்கும்.

முட்டை அட்டை வேண்டாம்

சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் பெரிய பலன் கிடையாது. மெல்லிய காகித அட்டைக்குச் சத்தத்தை உறிஞ்சும் சக்தி குறைவு. அதோடு ஒரு பொறி பட்டால் குபுகுபுவென்று பிடித்துக்கொள்ளும். தெர்மாகோலும் இதே கதைதான்.

இன்னொரு விஷயம். ஸ்பாஞ்ச் ஒட்டினால் வெளிச்சத்தம் உள்ளே வராது என்று சிலர் நம்புகிறார்கள். ஸ்பாஞ்ச் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். தெருவில் போகும் ஆட்டோ சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும், இடுக்கு இல்லாத கதவும் வேண்டும். வாடகை வீட்டில் அது நடக்கிற காரியம் இல்லை. ஊர் அடங்கிய பிறகு ராத்திரியில் பதிவு செய்வதுதான் செலவில்லாத வழி. ஃபேனை நிறுத்த மறக்கக் கூடாது.

எந்த மைக்?

மைக்கில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று டைனமிக். மேடைக் கச்சேரியில் கையில் பிடித்துப் பாடுவது பெரும்பாலும் இதுதான். இன்னொன்று கண்டென்சர். இதற்கு 48 வோல்ட் மின்சாரம் தனியாகப் போக வேண்டும். அதை 'பான்டம் பவர்' என்பார்கள்.

கண்டென்சர் மைக்குக்குக் காது கூர்மை. குரலின் நுணுக்கம் எல்லாம் விழும். கூடவே பக்கத்து வீட்டு குக்கர் விசில், நாய் குரைப்பு, மிக்சி சத்தமும் விழும். அமைதியான அறை இருப்பவர்களுக்குத்தான் அது லாயக்கு.

நெரிசலான தெருவில் குடியிருப்பவர்களுக்கு டைனமிக் மைக்கே போதும். வாய்க்கு நாலு விரல் தூரத்தில் வைத்துப் பாடினால் குரல் முன்னால் நிற்கும், மற்ற சத்தம் அமுங்கிவிடும். பறை, தவில் போன்ற சத்தமான வாத்தியங்களுக்கும் இது தாங்கும். கச்சேரிக்குப் போகிறவர்களிடம் நல்ல டைனமிக் மைக் ஏற்கனவே இருக்கும். அவர்களுக்கு மைக் செலவே மிச்சம்.

ஆன்லைனில் மைக், ஸ்டாண்டு, கேபிள் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்கு ஒரே செட்டாக விற்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அவற்றில் பல, கம்ப்யூட்டரின் ஹெட்போன் ஓட்டையில் குத்துகிற மாதிரி வருகிறது. "ஸ்ஸ்" என்ற இரைச்சல்தான் மிஞ்சும். பிரபல கம்பெனி மைக்குகளுக்கும் போலி நிறைய உலவுகிறது. பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் உஷார். பில், வாரண்டியோடு வாங்குவதே நல்லது.

ஆடியோ இன்டர்ஃபேஸ் கட்டாயம்

மைக்கை நேரடியாகக் கம்ப்யூட்டரில் செருகினால் வேலைக்கு ஆகாது. நடுவில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி வேண்டும். மைக்கில் இருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கி, எண்களாக மாற்றி யு.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது இதன் வேலை.

ஒருத்தர் பாடிப் பதிவு செய்ய ஒரு மைக் சொருகும் பெட்டியே போதும். பாட்டும் வாத்தியமும் ஒரே நேரத்தில் என்றால் இரண்டு சொருகு வேண்டும். 8 சொருகு, 16 சொருகு மிக்சர் எல்லாம் கச்சேரி மேடைக்கு. வீட்டுக்கு அது தண்டச் செலவு.

வாங்கும்போது 3 விஷயம் கேளுங்க. 48 வோல்ட் பான்டம் பவர் இருக்கிறதா? எக்ஸ்.எல்.ஆர். கேபிள் சொருகும் இடம் இருக்கிறதா? பாடுகிறவர் தன் குரலைத் தாமதம் இல்லாமல் கேட்க 'டைரக்ட் மானிட்டர்' வசதி இருக்கிறதா? மூன்றும் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்பீக்கர் அப்புறம், ஹெட்போன் முதலில்

பெரிய ஸ்டூடியோவைப் பார்த்துவிட்டு ஜோடி ஸ்பீக்கர் வாங்கத் துடிப்பவர்கள் உண்டு. அறை சரியில்லாத வீட்டில் அந்த ஸ்பீக்கர் பொய்தான் சொல்லும். ஒரு மூலையில் நின்றால் பாஸ் அதிகம், இன்னொரு மூலையில் நின்றால் பாஸே இருக்காது.

அதனால் ஆரம்பத்தில் ஹெட்போன் போதும். காதை முழுசாக மூடுகிற, ஒயர் உள்ள ஹெட்போன்தான் வேண்டும். அப்போதுதான் டிராக் சத்தம் வெளியே கசிந்து மைக்கில் விழாது. புளூடூத் ஹெட்போன் ஆகவே ஆகாது. அதில் சத்தம் ஒரு நொடி தாமதித்து வந்தாலும், அரை நொடி தாமதித்து வந்தாலும் தாளம் தப்பிவிடும்.

பாட்டை முடித்ததும் செல்போன் ஸ்பீக்கரிலும், டீக்கடை ரேடியோ மாதிரி சின்ன ஸ்பீக்கரிலும், காரிலும் போட்டுக் கேட்க வேண்டும். ஜனங்கள் கேட்கப் போவது அதில்தான்.

சாஃப்ட்வேருக்குக் காசு வேண்டாம்

திருட்டு சாஃப்ட்வேர் போட்டு வைரஸ் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. 'ஆடாசிட்டி' முற்றிலும் இலவசம். ஆப்பிள் கம்ப்யூட்டர், ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 'கேரேஜ்பேண்ட்' இலவசம். 'ரீப்பர்' என்ற சாஃப்ட்வேரை 60 நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம். பிடித்திருந்தால் அப்புறம் காசு கட்டலாம்.

பதிவு செய்யும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் வீடியோவுக்கும் ஒத்துப்போகும். சத்தத்தின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நின்றால் போதும். சிவப்பு விளக்கு எரிந்தால் குரல் உடைந்துவிட்டது என்று அர்த்தம். உடைந்த குரலைச் சரிசெய்வது லேசான காரியம் அல்ல.

இந்த அளவில் ஒரு மைக் பதிவு நிமிடத்துக்கு சுமார் 8.6 எம்.பி. இடம் பிடிக்கும். 5 நிமிடப் பாட்டுக்கு 10 டிராக் என்றால் 430 எம்.பி. ஆகும். அதனால் தனி ஹார்ட் டிஸ்கில் இன்னொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் புதுசு வாங்க ஓடாமல், எஸ்.எஸ்.டி.யும் கூடுதல் ரேமும் போட்டாலே பல நேரம் சரியாகிவிடும். சென்னை ரிச்சி தெரு மாதிரி மார்க்கெட்டுகளில் இந்தப் பாகங்கள் கிடைக்கும்.

"ம்ம்ம்" சத்தம் வருதா?

எல்லாம் வாங்கிய பிறகும் ஹெட்போனில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் கேட்டால் மைக்கைத் திட்ட வேண்டாம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு வீட்டு எர்த்தில் இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்க வேண்டும். பிளக்கின் மூன்றாவது கம்பியை வெட்டிவிடுவது உயிருக்கு ஆபத்து.

30 ஆயிரம் கணக்கு

கம்ப்யூட்டர் ஏற்கனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் உத்தேசச் செலவு இதுதான்:

ஆடியோ இன்டர்ஃபேஸ் - ரூ.7 ஆயிரம்

மைக் - ரூ.6 ஆயிரம்

ஹெட்போன் - ரூ.5 ஆயிரம்

அறைக்குக் கம்பளி, ராக்வூல், மரச் சட்டம் - ரூ.4 ஆயிரம்

ஸ்டாண்டு, எக்ஸ்.எல்.ஆர். கேபிள், பாப் ஃபில்டர் - ரூ.3 ஆயிரம்

ஹார்ட் டிஸ்க், யு.பி.எஸ். - ரூ.5 ஆயிரம்

மொத்தம் ரூ.30 ஆயிரம். கடைக்குக் கடை விலை மாறும். "ப", "ப்ப" சொல்லும்போது மைக்கில் காற்று அடிப்பதைத் தடுக்கும் பாப் ஃபில்டரைக் காசு கொடுத்து வாங்கணும் என்று கூட இல்லை. எம்பிராய்டரி போடும் வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இறுக்கிக் கட்டினால் அதே வேலையைச் செய்யும்.

கடன் வாங்கும் முன்...

கடைசியாக ஒரு கணக்கு. வெளி ஸ்டூடியோவில் ஒரு பாட்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். 3 ஆயிரம் என்றால், 10 பாட்டு பதிவு செய்தால்தான் இந்த 30 ஆயிரத்துக்கு ஈடாகும். மாசத்துக்கு ஒரு பாட்டு போடுகிறவருக்கு ஒரு வருஷத்துக்குள் முதல் திரும்பிவிடும். வருஷத்துக்கு ரெண்டு பாட்டு பாடுகிறவருக்கு 5 வருஷம் ஆகும். அவர் வாடகை ஸ்டூடியோவுக்குப் போவதே புத்திசாலித்தனம்.

நடுவில் ஒரு வழியும் உண்டு. குரலை மட்டும் வீட்டில் பொறுமையாகப் பத்துத் தடவை பாடிப் பதிவு செய்துகொண்டு, மிக்சிங் வேலையை மட்டும் தெரிந்த ஸ்டூடியோவில் கொடுக்கலாம். வாடகை ஓடுதே என்ற பதற்றம் இல்லாமல் பாடலாம், செலவும் பாதியாகும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கணும் என்று அவசியம் இல்லை. முதலில் அறை, அடுத்து இன்டர்ஃபேஸ், மைக், ஹெட்போன். ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாம் பாட்டில் இருந்து காசு வர ஆரம்பித்த பிறகு. நகையை அடகு வைக்கும் முன், வீட்டில் இருக்கும் கம்பளியைத் தொங்கவிட்டு, செல்போனிலேயே ஒரு பாட்டைப் பதிவு செய்து கேட்டுப் பார்க்கலாம். எதிரொலி குறைந்திருந்தால் அறை தயார். அதன் பிறகு மைக் கடைக்குப் போகலாம்.