விரிதாள்களில் ரூபாய்த் தொகையும் தசமப் புள்ளியும்

பண்ணைக் கணக்குகளும் கிராமப் பட்டியல்களும் இக்காலத்தில் பெரும்பாலும் கணினி விரிதாள்களிலேயே எழுதப்பெறுகின்றன. எக்ஸெல், கூகிள் ஷீட்ஸ், லிபரே ஆபீஸ் கால்க் என்பன இதற்குச் சாதாரணமாக உபயோகமாகும் சாதனங்கள். இவற்றில் தொகைகளைப் பதிந்தபின், மொத்தம் குறைவாக வருவதும், பைசாக்கள் மறைவதும், சிற்சில சமயங்களில் ஒரு தொகை ஆயிரம் மடங்கு பெருகிவிடுவதும் உண்டு. இயந்திரம் கூட்டுவதில் தவறுவது கிடையாது. கட்டத்தினுள் எழுதினவர் கருதியது ஒன்றாகவும், இயந்திரம் அதற்குக் கொண்ட பொருள் வேறாகவும் இருத்தலே இக்குழப்பங்களுக்குக் காரணமாம்.

வெள்ள நிவாரணப் பட்டியல் ஒன்றில் 84 ரயத்துகள் உளர் என்றும், ஒவ்வொருவருக்கும் ஒரு ஹெக்டேர் சேதம் என்றும், ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் வீதம் என்றும் கொள்க. மொத்தம் 14,28,000 ரூபாய் வரவேண்டும். ஆனால் விரிதாள் 13,77,000 என்று காட்டுகிறது. 51,000 ரூபாய் எங்கே போயிற்று? பட்டியலை மேலிருந்து கீழாக எத்தனை முறை படித்தாலும் குறை ஒன்றும் கண்ணுக்குப் புலப்படாது. 84 பெயர்களும் உள்ளன, 84 தொகைகளும் உள்ளன. மூன்று கட்டங்களில் மட்டும் ஒருவர் "ரூ. 17,000" என்றோ, காசோலையில் எழுதும் பழக்கத்தால் "17000/-" என்றோ பதிந்திருப்பார். எழுத்தும் கோடும் கலந்தமையால் இயந்திரம் அவற்றை எண்ணாகக் கொள்ளாமல் வெறும் எழுத்தாகக் கொள்ளும். கூட்டற் சூத்திரமோ எழுத்துள்ள கட்டங்களை வாய் பேசாமல் தாண்டிச் சென்றுவிடும். இம்மொத்தத்தை நம்பி நிதி கேட்டுவிட்டால், கடைசியில் வெறுங்கையுடன் திரும்புகிறவர் மூவர் ஆவர்.

இதனைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. 'கவுண்ட்' என்னும் சூத்திரம் எண்ணுள்ள கட்டங்களை மாத்திரம் எண்ணிச் சொல்லும். தொகைப் பத்தி முழுவதற்கும் அதனை இட்டுப் பார்க்கையில் 84க்குப் பதில் 81 என்று வருமாயின், மூன்று கட்டங்கள் எழுத்தாய் நிற்கின்றன என்பது உறுதி. அவை எவை என்பதை நிற்கும் இடத்தாலும் அறியலாம்: ஒருவரும் இடம் மாற்றி அமைக்காதவரை எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியும், எழுத்துக்கள் இடப்பக்கம் ஒட்டியும் நிற்கும். பத்தியை அழகுக்காக நடுவில் அமைத்துவிடுவோர் இவ்வடையாளத்தைத் தாமே அழித்துக்கொள்கின்றனர்.

திருத்தும்பொழுது முதலில் அப்பத்தியின் வடிவத்தைப் 'பொது' என்பதற்கு மாற்றிவிட்டு, பிறகு தேடி மாற்றும் வசதியைக் கொண்டு "ரூ." என்பதையும் "/-" என்பதையும் நீக்கவேண்டும். வடிவம் 'எழுத்து' என்றே இருந்தால் நீக்கியபின்னும் எண் எழுத்தாகவே கிடக்கும். புள்ளியை மட்டும் தேடி நீக்குவது பேராபத்து. பைசாக்களைப் பிரிக்கும் தசமப் புள்ளியும் உடன் போய்விடும். இணையப் பக்கங்களிலிருந்து படியெடுத்த தொகைகளில் கண்ணுக்குத் தோன்றாத வெற்றிடக் குறி ஒன்று ஒட்டிவருவதும் உண்டு. சாதாரண வெற்றிடத்தைப் போக்கும் சூத்திரத்துக்கு அது அசையாது. ஆகவே அந்தக் குறியையே கட்டத்திலிருந்து படியெடுத்துத் தேடும் பெட்டியில் இட்டு நீக்குதல் நலம்.

ரூபாய்க் குறி வேண்டாம் என்பதல்ல. கட்டத்தில் 17000 என்று எண்ணை மாத்திரம் பதிந்து, ₹ என்னும் குறியை வடிவமைப்பின் மூலம் அணிவித்தல் வேண்டும். தமிழகத்தைச் சேர்ந்த டி. உதயகுமார் வரைந்த இக்குறியை இந்திய அரசு 2010 ஜூலை 15ஆம் தேதி ஏற்றுக்கொண்டது. அதற்கு முற்பட்ட எழுத்துருக்கள் சிலவற்றில் குறிக்குப் பதிலாகச் சிறு சதுரம் தோன்றும். எழுத்துருவை மாற்றினால் சரியாகும், கணக்குக்கு ஊறு இல்லை. குறியைத் தேர்ந்தெடுக்கையில் கணினியின் இயல்பான நாணயக் குறியை விடுத்து, பட்டியலிலுள்ள ₹ குறியையே பெயர் கண்டு எடுக்கவேண்டும். இயல்புக் குறியை எடுத்தால், அதே கோப்பு அமெரிக்க அமைப்புள்ள கணினியில் திறக்கப்படும்பொழுது டாலர்க் குறியுடன் காட்சியளிக்கக்கூடும். தொகை மாறியிராது, குறிதான் மாறும். எனினும் 17,000 டாலர் என்று அச்சிட்ட பட்டியலைக் கண்டு கையொப்பமிடுவார் யார்?

இனி, தசமப் புள்ளியைப் பற்றியது. 1957 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன் ரூபாய்க்கு 16 அணாவும் அணாவுக்கு 12 பையுமாக இருந்தமையால், கணக்கர்கள் மூன்று பத்திகளில் தொகை எழுதினர். எட்டணா என்றால் 8 என்று எழுதினால் போதும். ரூபாய்க்கு 100 பைசா என்றான பின்னர், புள்ளிக்கு வலப்புறம் உள்ள இலக்கத்தின் இடமே அதன் மதிப்பாயிற்று. 250.5 என்பது ஐந்து பைசா அன்று, ஐம்பது பைசா. ஐந்து பைசாவுக்கு 250.05 என்று எழுதவேண்டும். பணத்தில் இத்தவறு சில பைசாக்களோடு தீரும். நிலத்திலோ அவ்வாறன்று. பட்டாவிலும் சிட்டாவிலும் பரப்பு ஹெக்டேர், ஏர் என இரு பகுதிகளாகக் காணப்படும். ஹெக்டேருக்கு 100 ஏர். ஒரு ஹெக்டேர் ஐந்து ஏரை 1.05 என்பதற்குப் பதில் 1.5 என்று பதிந்தால் 45 ஏர் மிகுந்துவிடும். மேற்கண்ட வீதப்படி அது 7,650 ரூபாய்.

ஆவணத்தில் உள்ளபடியே 1-12 என்று சிறு கோடிட்டுப் பதிவதும் உண்டு. இஃது இன்னும் விபரீதமானது. விரிதாள் அதனைப் பரப்பாகக் கொள்ளாது. டிசம்பர் முதல் தேதி என்று கொண்டுவிடும். தேதிகளை இயந்திரம் உள்ளே நாட்களின் எண்ணிக்கையாக வைத்திருப்பதால், 2025ஆம் ஆண்டில் பதியப்பட்ட அக்கட்டத்தின் மதிப்பு 45,992 ஆகும். ஒரு ஹெக்டேர் பன்னிரண்டு ஏர் உள்ள ரயத்து, மொத்தத்தில் நாற்பத்தைந்தாயிரம் ஹெக்டேருக்கு மேல் உடையவராகிவிடுவார்! கிராமத்தின் பரப்பையே மீறும் இத்தகைய மொத்தம் உடனே கண்ணில் படும் என்பது ஓர் ஆறுதல். ஆயினும் வடிவத்தை எண்ணாக மாற்றினால் பழைய 1-12 திரும்பாது. அந்தக் கட்டத்தில் 1.12 என்று புதிதாகப் பதிவதே வழி. இயன்றால் ஹெக்டேருக்கு ஒரு பத்தியும் ஏருக்கு ஒரு பத்தியும் வைத்து, மூன்றாவது பத்தியில் ஏரை 100ஆல் வகுத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

நிற்க. தசமத்துக்குப் புள்ளி இடுவது இந்தியாவிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள வழக்கம். ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய தேசங்களில் அவ்விடத்தில் காற்புள்ளி இடுவர். ஜெர்மனியில் ஆயிரத்தைப் பிரிக்கவே புள்ளி உபயோகமாகிறது. ஆகவே அங்கிருந்து மஞ்சளோ மிளகோ கொள்முதல் செய்வோர் அனுப்பும் பட்டியலில் 1,250 டன் என்றிருப்பின், அது ஒன்றேகால் டன். இந்திய அமைப்புள்ள கணினியில் அதனைத் திறந்தால் ஆயிரத்து இருநூற்றைம்பது டன். மாறாக, உறவினர் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த கணினியில் இங்குள்ளவர் 1.250 என்று பதிந்தாலும் அதே ஆயிரம் மடங்குத் தவறு நேரும்; 12.5 என்று பதிந்தாலோ மே மாதம் 12ஆம் தேதி தோன்றும். மூன்று தசம இடங்களுடன் எடை எழுதும் வழக்கமுள்ள இடங்களில் இதற்கு விசேஷ ஜாக்கிரதை வேண்டும்; ஏனெனில் பிழையான எண்ணும் பார்வைக்குச் சரியான எண்ணைப் போலவே இருக்கும்.

இதற்குப் பரிகாரம், பதிவு தொடங்குமுன்னரே தேச அமைப்பைச் சரிபார்த்தல். எக்ஸெல் இவ்விஷயத்தில் விண்டோஸ் அமைப்பையே பின்பற்றும். விண்டோஸின் பிராந்திய அமைப்பில் தமிழ் (இந்தியா) அல்லது ஆங்கிலம் (இந்தியா) என்று தேர்ந்து எக்ஸெலை மூடித் திறந்தால், தசமப் புள்ளியும், 1,25,000 என்னும் லட்சக் கணக்குப் பிரிவும் ஒருங்கே வந்துவிடும். அவ்வாறும் வராவிடின், எக்ஸெலின் உயர்நிலைத் தெரிவுகளில் கணினியின் பிரிப்புக் குறிகளை ஏற்கும் கட்டளை நீக்கப்பட்டிருக்கக்கூடும். அதனை மீண்டும் குறியிடுக. கூகிள் ஷீட்ஸில் அமைப்பு கணினியைச் சார்ந்ததன்று, கோப்பைச் சார்ந்தது. பிறர் தொடங்கிய கோப்பாயின் அதன் அமைப்புகளில் எத்தேசம் என்பதைப் பார்ப்பது அவசியம். முன்னரே தவறாகக் கொள்ளப்பட்ட கட்டங்கள் அமைப்பை மாற்றினதால் மட்டும் திருந்திவிடா. எழுத்தாய் நிற்கும் அயல்நாட்டுத் தொகைகளைத் திருத்த 'நம்பர்வேல்யூ' என்னும் சூத்திரம் உண்டு. தசமக் குறி எது, ஆயிரக் குறி எது என்பதைச் சொல்லிவிட்டால் அது எண்ணாக்கித் தரும்.

பலர் உபயோகிக்கும் கணினியில் அமைப்பை மாற்ற இயலாதபோது, லட்சப் பிரிவுக்கு மாத்திரம் பின்வரும் தனி வடிவத்தை எக்ஸெலில் இடலாம்:

[>=10000000]##\,##\,##\,##0.00;[>=100000]##\,##\,##0.00;##,##0.00

கடன் முதலிய கழித்தல் தொகைகளுக்கு இது லட்சப் பிரிவைக் காட்டாது. அவற்றைத் தனிப் பத்தியில் கூட்டல் தொகையாகவே எழுதுவது உத்தமம்.

வங்கிகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வரும் சி.எஸ்.வி. கோப்புகள் வெறும் எழுத்துக் கோப்புகளே. அவற்றில் பத்திகளைப் பிரிப்பதும் காற்புள்ளிதான். மேற்கோட் குறிக்குள் இடாத 1,25,000 என்னும் தொகை, திறந்தவுடன் 1, 25, 000 என மூன்று பத்திகளாகச் சிதறி, வலப்பக்கத்துப் பத்திகளையும் இரண்டிடம் தள்ளிவிடும். இத்தகைய கோப்பை இருமுறை சொடுக்கித் திறவாமல், 'டேட்டா' பகுதியின் வழியாக உள்ளே கொணர்தல் நன்று; அங்கே பிரிப்புக் குறியை முன்னதாகக் கேட்டுக்கொள்ளும். பிறருக்கு அனுப்பும் சி.எஸ்.வி. கோப்பாயின், தொகைகளில் காற்புள்ளி இல்லாமல் 125000.00 என்று அனுப்புக.

கடைசியாக, பைசா மறைவது. 2025-26ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு நிர்ணயித்த 'ஏ' ரக நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,389 ரூபாய். 37.50 குவிண்டாலுக்கு 89,587.50 ரூபாய் ஆகிறது. தசம இடங்களைக் குறைத்து வடிவமைத்த கட்டம் இதனை 89,588 என்று காட்டும்; உள்ளே ஐம்பது பைசா அப்படியே இருக்கும். 1,250.50 வீதம் மூன்று வரிசைகள் இருப்பின், ஒவ்வொன்றும் 1,251 என்று தோன்றும். கையால் கூட்டினால் 3,753, விரிதாள் கூட்டினால் 3,752. இவ்வொரு ரூபாய்க்காகத் தணிக்கையில் பட்டியல் திரும்பிவருவதும் உண்டு. முழு ரூபாயாகவே பட்டுவாடா ஆக வேண்டுமாயின் 'ரவுண்ட்' சூத்திரத்தால் ஒவ்வொரு வரிசையையும் மெய்யாகவே முழுமையாக்கியபின் கூட்டவேண்டும். மற்றக் கணக்குகளில் இரண்டு தசம இடங்களைக் காட்டும்படி விட்டுவிடவேண்டும்.