கொய்யாக் கிளையில் சிலந்தியும் சிட்டும்

மரியா சிபில்லா மெரியன் (1647–1717)
சுரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய நூல், 18ஆம் படம். ஆம்ஸ்டர்டாம், 1705

மல்லாந்து கிடக்கும் ஹம்மிங் பறவையைப் பாருங்கள். மயிர் அடர்ந்த டாரன்டுலா சிலந்தி அதன்மேல் கவிந்திருக்கிறது. பக்கத்தில் முட்டைகளோடு கூடு. எறும்புகள் அரித்த கொய்யா இலைகளில் நரம்பு மட்டுமே மிச்சம். சில எறும்புகள் உடலோடு உடல் கோத்துப் பாலம் கட்டியிருக்கின்றன.

பதின்மூன்று வயதில் பட்டுப்புழு வளர்த்துக் கவனிக்கத் தொடங்கியவர் மெரியன். செத்த பூச்சியை ஊசியில் குத்தி வைத்து வரைவது வழக்கமாயிருந்த காலத்தில், புழுவையும் கூட்டுப்புழுவையும் அது தின்னும் செடியோடு சேர்த்தே வரைந்தார். அவருடைய பெரும் சாதனை இதுதான். 1699இல், 52 வயதில், தன் ஓவியங்களை விற்றுப் பணம் சேர்த்து, இளைய மகளுடன் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். நோய் வாட்டியதால் 1701இல் திரும்பினார். காட்டில் வழி வெட்டியவர்களும் செடிகளின் பயன் சொன்னவர்களும் அங்கே அடிமைப்படுத்தப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்களும் பழங்குடி மக்களும். அவர்களின் உழைப்பும் அறிவும் இப்படங்களில் கலந்திருக்கின்றன.

சிலந்தி பறவையைக் கொல்லுமா? 19ஆம் நூற்றாண்டில் சிலர் இதை வெறும் கற்பனை என்று ஒதுக்கினார்கள். ஆனால் அமேசான் காட்டில் பறவையைக் கொன்ற அப்படியொரு சிலந்தியைத் தன் கண்ணால் கண்டதாக இயற்கையியலாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ் 1863இல் எழுதினார். முட்டைகளின் எண்ணிக்கைதான் பிழை: ஹம்மிங் பறவை வழக்கமாக இரண்டுதான் இடும், மெரியன் நான்கு வரைந்திருக்கிறார்.