பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்க ஒரு பெட்டகம்

கொல்லிமலை செம்மேட்டில் மிளகும் காபியும் வாங்கி விற்கும் ஒரு சகோதரரின் வீட்டில் சமீபத்தில் ஓர் இரவு தங்கினோம். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிய தலைசுற்றல் தீர்வதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்: "ஹஜ்ரத், பேங்க், ஜிஎஸ்டி, மகளோட ஸ்காலர்ஷிப், ஹஜ் விண்ணப்பம்னு எல்லாத்துக்கும் பாஸ்வேர்டு கேக்குது. எத்தனையத்தான் ஞாபகம் வச்சிக்கிறது?"

அவருடைய வழி நம்மில் பலருடைய வழிதான். மகளின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த ஒரே பாஸ்வேர்டு, எல்லா இடத்துக்கும். அதைக் கடைக் கம்ப்யூட்டரின் பிரவுசரிலேயே சேமித்திருந்தார். வேலைக்கு வரும் பையன்களும் உட்காரும் கம்ப்யூட்டர் அது. எங்கோ ஒரு ஷாப்பிங் தளத்தில் அந்தப் பாஸ்வேர்டு கசிந்தால் போதும். திருடர்களின் மென்பொருள் அதையே நூறு தளங்களில் போட்டுப் பார்க்கும்.

அவருக்கு நாம் நிறுவிக் கொடுத்தது கீபாஸ்எக்ஸ்சி. டொமினிக் ரைக்ல் என்ற ஜெர்மானியர் 2003-ல் வெளியிட்ட கீபாஸ் மென்பொருளின் வழியில் வந்தது. இலவசம், ஓப்பன் சோர்ஸ். அதாவது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் படித்துச் சோதிக்கலாம். பூட்டைச் செய்தவர் அதைப் பிரித்தே காட்டுவது போல.

எல்லாப் பாஸ்வேர்டுகளும் நம் கம்ப்யூட்டரிலேயே ஒரே கோப்பில், சங்கேதமாக மாற்றப்பட்டு இருக்கும். திறக்க ஒரு தலைமைப் பாஸ்வேர்டு. பிரவுசரோடு இணைக்க, முதலில் கீபாஸ்எக்ஸ்சி செட்டிங்ஸில் பிரவுசர் இணைப்பை இயக்கி, நாம் பயன்படுத்தும் குரோமையோ ஃபயர்ஃபாக்ஸையோ டிக் செய்ய வேண்டும். பிறகு பிரவுசரில் 'கீபாஸ்எக்ஸ்சி-பிரவுசர்' என்ற எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து, 'கனெக்ட்' கொடுத்து, இணைப்புக்கு ஒரு பெயர் வைத்தால் வேலை முடிந்தது. எக்ஸ்டென்ஷன் பாஸ்வேர்டுகளைத் தன்னிடம் சேமித்து வைப்பதில்லை. பெட்டகம் திறந்திருக்கும்போது கேட்டு வாங்கி நிரப்பும், அவ்வளவே.

இதில் நமக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. தளத்தின் முகவரி பெட்டகத்தில் உள்ளதோடு பொருந்தினால்தான் அது பாஸ்வேர்டைத் தரும். வங்கித் தளம் போலவே ஒரு போலியைச் செய்து லிங்க் அனுப்பினால் நம் கண் ஏமாறும், இது ஏமாறாது. நிரப்பாமல் நின்றால் அவசரப்பட்டுக் கையால் தட்டாமல் முகவரியைப் பாருங்கள்.

பிரவுசரில் பழையதாகச் சேமித்தவற்றை அழித்தோம். சிறிது நேரம் தொடாவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும்படி வைத்தோம். நடுவில் சிக்னல் போய்விட்டது. மலையில் அது புதிதல்ல. கோப்பு கம்ப்யூட்டரிலேயே இருந்ததால் பெட்டகத்தில் பதியும் வேலை நிற்கவில்லை. பிட்வார்டன் போன்றவை பெட்டகத்தை இணையத்தில் வைக்கின்றன. அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான், பல போன்கள் உள்ள வீட்டுக்கு வசதி. ஆனால் 2022-ல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகங்களே பிரதி எடுக்கப்பட்டன. தலைமைப் பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தவர்களுக்கே அதில் அதிக ஆபத்து. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்து வையுங்கள்.

மறந்தால் மீட்டுத்தர யாரும் இல்லை. இதைச் சொன்னதும் அவர் சற்று மௌனமானார். "நான் மவுத்தாயிட்டா?"

கொடுக்கல் வாங்கல் முழுக்க அந்தப் பெட்டகத்தில் இருக்கும்போது, வாரிசுகளுக்கு அது திறக்காவிட்டால் கடனும் தெரியாது, வரவும் தெரியாது. தலைமைப் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, பத்திரங்களோடு பீரோவில் வைத்து மனைவியிடம் சொன்னார். கோப்பின் நகல் ஒரு பென்டிரைவில், நாமக்கல்லில் படிக்கும் மகளிடம்.