வெள்ளிக்கிழமை மட்டும் வரும் விசித்திரப் பிராணி!

ஒரு குகை. அதற்குள்ளே ஒரு குளம். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் அங்கே அது இல்லை. செவ்வாய், புதனும் அப்படியே. வெள்ளிக்கிழமை போனால், "லாப்ராஸ்" என்ற நீண்ட கழுத்துப் பிராணி குளத்தில் மிதந்து கொண்டு இருக்கும்!

குகையும் பொய், குளமும் பொய். எல்லாம் கையடக்கப் பெட்டியில் ஆடும் விளையாட்டு. ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் நிஜம். வீட்டுக் காலண்டரில் வெள்ளிக்கிழமை என்றால், அங்கேயும் வெள்ளிக்கிழமை!

"போக்கிமான் தங்கம்", "போக்கிமான் வெள்ளி" என்ற இந்த இரட்டை விளையாட்டு, ஜப்பானில் 1999-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி வெளிவந்தது.

பூச்சி பிடித்த சிறுவன்

இதற்கு மூத்தது 1996-ல் வந்தது. அதை உருவாக்கியவர் சதோஷி தாஜிரி. சிறு வயதில் பூச்சி பிடிப்பதில் பைத்தியமாக இருந்தவர். புல்வெளியில் திரியும் பிராணிகளைப் பிடிக்க வேண்டும், பழக்க வேண்டும், சேவல் சண்டை போல மோத விட வேண்டும். இதுதான் ஆட்டம். மொத்தம் 151 பிராணிகள்.

ஜப்பானில் அமோக வெற்றி! உடனே அடுத்த பாகம் என்றார்கள். 1997-ல் கண்காட்சியிலும் காட்டினார்கள். ஆனால் வெளிவர மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. புதிதாக 100 பிராணிகள். அத்தனை படங்களையும் சின்னக் கேசட்டில் அடக்க வேண்டுமே! படங்களைச் சுருக்கும் வித்தையைச் செய்து கொடுத்தவர் சதோரு இவாட்டா. பிற்காலத்தில் நின்டெண்டோ கம்பெனிக்கே தலைவர் ஆனவர்.

பத்துக்குப் பத்து

2000-ம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவுக்கு வந்தது. ஐ.ஜி.என். என்ற பிரபல விமர்சன நிறுவனம் 10-க்கு 10 மார்க் கொடுத்தது.

விமர்சகர்களை மயக்கியது எது? கேசட்டுக்குள் ஓடும் கடிகாரம்! வெளியே இருட்டினால் விளையாட்டிலும் இருட்டும். ஆந்தை போன்ற பிராணி ராத்திரியில்தான் வரும். "ஈவீ" என்ற குட்டியிடம் அன்பாக இருந்தால், பகலில் ஒரு வடிவமாக வளரும். இரவில் வேறு வடிவமாக வளரும்.

இன்னொரு ஆச்சரியம். எட்டுப் பதக்கம் வாங்கி, ஆட்டம் முடிந்தது என்று நினைத்தால், பழைய விளையாட்டின் நாடு முழுவதும் கதவைத் திறக்கிறது! அங்கே இன்னும் எட்டுப் பதக்கம். கடைசியில் மலை உச்சியில் வாய் திறக்காமல் ஒருவன் நிற்பான். முதல் விளையாட்டின் கதாநாயகன்தான் அவன்!

குறை சொன்னவர்களும் உண்டு. படமும் ஓசையும் அதிகம் முன்னேறவில்லை, கதை பழைய தடத்திலேயே போகிறது என்றார்கள். அது நியாயமான குறைதான். ஆனால் வாங்கியவர்கள் பொருட்படுத்தவில்லை. உலகமெங்கும் 2 கோடிக்கு மேல் விற்றுத் தீர்ந்தது.

கடிகாரம் குடித்த பாட்டரி

அன்றைய விமர்சகர்கள் எழுதாத குறை ஒன்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

கடிகாரம் ஓட, கேசட்டுக்குள் காசு அளவில் ஒரு பாட்டரி உண்டு. பிடித்த பிராணிகளின் கணக்கையும் அதே பாட்டரிதான் காக்கிறது. பெட்டியை அணைத்து அலமாரியில் வைத்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். அது தீர்ந்த அன்று, ஆசையாய் வளர்த்த அத்தனை பிராணிகளும் மாயம்! வளர்ந்து பெரியவர்களாகி, பழைய கேசட்டைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்துக் கலங்கியவர்கள் பலர்.

மாற்றுப் பாட்டரி மலிவுதான். ஆனால் அதைப் பற்றவைத்துத்தான் பொருத்த முடியும். பழையதைக் கழற்றியதும், மிச்சம் இருக்கும் கணக்கும் அழிந்து விடும். ஆகவே பாட்டரியில் உயிர் இருக்கும்போதே, அதற்கென்று உள்ள கருவி கொண்டு கணக்கைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைத்துவிட்டு, பிறகுதான் கேசட்டைத் திறக்கிறார்கள்.