கதை எழுதி டாக்டர் ஆனவர்

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவிக்குப் படிப்பைத் தொடரப் பணமில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலம். ஊரிலிருந்து அப்பாவால் அனுப்ப முடியவில்லை. இந்த நிலையில் அந்தப் பெண் என்ன செய்தார் தெரியுமா? நேராக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.எஸ். வாசனைப் போய்ப் பார்த்தார். நான் கதை எழுதித் தருகிறேன், அதில் வரும் பணத்தில் படிப்பை முடித்துக்கொள்கிறேன் என்று கேட்டார். வாசன் சம்மதித்தார்.

அந்தப் பெண்ணின் பெயர் திரிபுரசுந்தரி. அந்தப் பெயரைச் சொன்னால் நம்மில் பலருக்குத் தெரியாது. 'லட்சுமி' என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் வீட்டில் அறுபதைத் தாண்டிய பெண்மணி யாராவது இருந்தால் உடனே நிமிர்ந்து உட்கார்வார்.

எனக்கு அது வானொலியில்தான் தெரிந்தது. ஒரு நாள் காலை நிகழ்ச்சியில், உங்கள் அம்மா, பாட்டி விரும்பிப் படித்த எழுத்தாளர் யார் என்று நேயர்களைக் கேட்டிருந்தேன். பத்து நிமிடம் பேசி நிரப்பலாம் என்ற கணக்கில் போட்ட கேள்வி. தொலைபேசி நிற்கவில்லை. ரமணிசந்திரன் பெயர் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது. ஆனால் பீடோங், கூலிம், பாடாங் செராய் பக்கமிருந்து பேசிய வயதான பெண்கள் பலர் சொன்னது லட்சுமியின் பெயரை.

அதில் ஒருவர், கூலிம் பக்கத் தோட்டமொன்றில் முப்பது வருடம் பால் வெட்டியவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "நான் எங்கம்மா படிச்சேன், கேட்டேன்" என்றார். கிராணி வீட்டுக்கு மாதம் ஒரு முறை புத்தகங்கள் வருமாம். கிராணி அம்மா படித்து முடித்ததும் அது லயத்துக்கு இறங்கும். ஆறாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண் வாசலில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். "காலைல பெரட்டுக்குப் போறப்ப, மரம் வெட்டுறப்ப, அந்தப் பொண்ணுக்கு அடுத்து என்ன ஆவும்னுதான் பேச்சு" என்றார்.

அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கு வரும் ரஜூலா போன்ற கப்பல்கள் ஆட்களை மட்டும் கொண்டுவரவில்லை. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளும் புத்தகங்களும் அதே கடல்வழியாகத்தான் வந்தன. பினாங்கில் இறங்கியது பட்டர்வொர்த் தாண்டி, கெடா தோட்டங்களின் லயங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சுங்கை பட்டாணியில் பழைய புத்தகக் கட்டு ஒன்றில் லட்சுமியின் நாவல் ஒன்றை நானே வாங்கினேன். அட்டை கிழிந்து, பழுப்பேறி, உள்பக்கத்தில் நாலைந்து பேரின் கையெழுத்து. ஒருவர் மட்டும் மலாய் வெள்ளிக் கணக்கு எழுதி வைத்திருந்தார். மளிகைக் கணக்காகத்தான் இருக்க வேண்டும்.

சரி, யார் இந்த லட்சுமி?

1921-ஆம் ஆண்டு பிறந்தவர். சொந்த ஊர் திருச்சி மாவட்டத்துத் தொட்டியம் பக்கம், காவிரிக் கரை. திருச்சியில் படித்துவிட்டு மருத்துவம் படிக்கச் சென்னைக்கு வந்தார். முதல் சிறுகதை 'தகுந்த தண்டனையா?' 1940-இல் ஆனந்த விகடனில் வந்தது. முதல் நாவல் 'பவானி'. அதன் பிறகு 'பெண் மனம்', 'மிதிலா விலாஸ்', 'காஞ்சனையின் கனவு' என்று வரிசையாக வந்தன. 'காஞ்சனையின் கனவு' 1952-இல் 'காஞ்சனா' என்று படமானது. 'பெண் மனம்' தான் 1963-இல் சிவாஜியும் சரோஜாதேவியும் நடித்த 'இருவர் உள்ளம்'. எல்.வி. பிரசாத் இயக்கம், கலைஞர் கருணாநிதி வசனம், கே.வி. மகாதேவன் இசை. அந்தப் படத்துப் பாட்டை நான் எத்தனையோ இரவு நிகழ்ச்சியில் ஒலிபரப்பியிருக்கிறேன். படத்துக்குக் கதை கொடுத்தவர் ஒரு டாக்டர் என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை. பாட்டுக்கு முன் நடிகர், இசையமைப்பாளர், பாடகர் பெயர் சொல்வோம். கதாசிரியர் பெயரை எந்த அறிவிப்பாளர் சொல்கிறார்?

'இருவர் உள்ளம்' பார்த்தவர்களுக்குக் கதை நினைவிருக்கும். பெண்கள் விஷயத்தில் பெயர் கெட்ட பணக்கார இளைஞன். அவனை அறவே வெறுக்கும் ஒரு படித்த பெண், குடும்ப நெருக்கடியில் அவனுக்கே வாழ்க்கைப்படுகிறாள். அவன் திருந்துகிறான், ஆனால் அவள் நம்ப மாட்டேன் என்கிறாள். காதல் கதைதான். ஆனால் இதில் காதல் கல்யாணத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. தாய்தகப்பன் பார்த்து முடித்த கல்யாணத்துக்குள் நுழைந்த லயத்துப் பெண்களுக்கு இது எவ்வளவு நெருக்கமான கதை! நமக்கு வாய்த்தவனும் ஒரு நாள் இப்படி மாறுவானா என்று விளக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தியாவது நினைத்திருக்க மாட்டாளா?

இங்கேதான் எனக்கு ஓர் உறுத்தல். லட்சுமியின் கதாநாயகிகள் பலர் பொறுமையின் திலகங்கள். கணவன் வீட்டில் எது நடந்தாலும் தாங்கிக்கொண்டு, கடைசியில் நல்லபடியாகக் கரை சேர்பவர்கள். எழுதியவரோ அப்படி வாழவில்லை. படிப்பு நின்றுவிடும் என்ற நேரத்தில் அழுதுகொண்டு ஊருக்குத் திரும்பாமல், தன் எழுத்துக்கு விலை பேசத் தெரிந்தவர். சொந்தச் சம்பாத்தியத்தில் டாக்டர் ஆனவர். 1955-இல், 34 வயதில், தென்னாப்பிரிக்கத் தமிழரான கண்ணபிரானை மணந்து கடல் கடந்தவர். அந்தக் காலத்தில் 34 வயதில் கல்யாணம் என்றால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கே நம் சொந்தக்காரர்கள் 28-இல் ஆரம்பித்துவிடுகிறார்கள்.

தைரியமான பெண் ஏன் அடங்கிப்போகும் பெண்களைப் பற்றி எழுதினார்? வாசகிக்குப் பிடித்ததை எழுதினார், அதுதான் விற்றது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு, அவர் பணத்துக்காகவே எழுதத் தொடங்கியவர். ஆனால் அவர் நாவல்களைத் திரும்பப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அவருடைய பெண்கள் படித்திருக்கிறார்கள். ஆசிரியையாகவோ டாக்டராகவோ வேலைக்குப் போகிறார்கள். அடங்கிப்போகும்போதும் மனதுக்குள் வாதாடிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வாதத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். முடிவு பழையதுதான், ஆனால் நடுவில் வரும் 200 பக்கம் அப்படியில்லை. நம் விமர்சகர்கள் முடிவை மட்டும் பார்த்து 'குடும்ப நாவல்' என்று மூட்டை கட்டிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

தென்னாப்பிரிக்கா என்றதும் நமக்குக் காந்தி நினைவுக்கு வருவார். அங்குள்ள தமிழர் கதையும் நம் கதையும் ஒன்றுவிட்ட அக்கா தங்கை மாதிரி. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் போய் நின்றது. ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள் அவர்கள். இங்கே நம் முன்னோர் கித்தா மரத்தின் அடியில் வாளியோடு நின்றார்கள், அங்கே கரும்புக் காட்டில் கத்தியோடு நின்றார்கள். லட்சுமி போனபோது அங்கு நிறவெறி ஆட்சி. யார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்பதைக்கூடத் தோல் நிறம் பார்த்துச் சட்டம் தீர்மானித்தது. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த ஓர் எழுத்தாளர் அங்கே டாக்டராக வேலை பார்த்தார். எழுத்து மிகவும் குறைந்துபோனது.

1966-இல் கணவர் காலமானார். அதற்குப் பிறகும் உடனே திரும்பவில்லை, 11 வருடம் அங்கேயே இருந்தார். துணை இல்லாத அந்நிய நாட்டில், அதுவும் அப்படிப்பட்ட சட்டங்களின் கீழ். பெண்ணின் பொறுமையைப் பற்றி அவ்வளவு எழுதியவரின் சொந்தப் பொறுமை இந்த ஆண்டுகளில்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

1977-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தபோது வயது 56. 22 வருட இடைவெளியில் ஊர் மாறிவிட்டது. சிவசங்கரி, இந்துமதி, அனுராதா ரமணன் என்று புதியவர்களின் பெயர்கள் பத்திரிகைகளில் ஒளிவிட்ட நேரம். ஓய்வு பெறும் வயதில் வேறு யாராக இருந்தாலும் பழைய புகழை நினைத்துக்கொண்டு ஒதுங்கியிருப்பார்கள். இவர் மறுபடி தொடர்கதை எழுத உட்கார்ந்தார். தென்னாப்பிரிக்காவைப் பின்னணியாக வைத்தும் எழுதினார். தன் வாழ்க்கையையே 'கதாசிரியையின் கதை' என்று எழுதினார். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. காதல் கதை, குடும்பக் கதை என்று ஓரம் கட்டப்பட்டவருக்கு நாட்டின் பெரிய இலக்கிய விருது. சிலர் முகம் சுளித்திருக்கலாம். தோட்டத்து வாசகிகள் யாருக்கும் அந்தச் செய்தி எட்டியிருக்காது, எட்டியிருந்தாலும் அவர்களுக்கு அதனால் ஒன்றும் கூடியிருக்காது.

மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்தும் கட்டணத்தை நினைத்துத் தூக்கம் கெடும் வீடுகள் நம் ஊரிலும் உண்டு. பிடிபிடிஎன் கடனோடு போராடும் தங்கைகள் என் நிகழ்ச்சிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். ஒரு சிறுகதைக்குக் கிடைக்கும் சன்மானத்தில் இன்று ஒரு பாடப் புத்தகம்கூட வாங்க முடியாது. அதனால் இவரைப் போலச் செய்யுங்கள் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அலுவலகப் படியேறிய பெண்ணைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கூலிம் அம்மாவிடம் பிறகு ஒரு நாள் நேரில் பேசப் போனேன். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது, அவர் இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். பசியாறச் சொல்லித் தோசை வைத்தார். லட்சுமி ஒரு டாக்டர் என்பது அவருக்குத் தெரியாது. வெளிநாட்டில் இருந்தவர், கணவரை இழந்தவர் என்பதும் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தவர், "இப்ப இருக்காங்களா அந்தம்மா?" என்றார்.

1987 ஜனவரியில் காலமாகிவிட்டார் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நான் தோட்டத்துலதான் இருந்தேன்" என்றார். "யாரும் வந்து சொல்லலியே."