ஆட்டம் பார்க்காதவர்கள்

ஊரே பின்தொடரும் ஒரு விளையாட்டில் மனம் ஒட்டாமல் இருப்பது வெறுப்பு அல்ல. வெறுப்பவர் அந்த விளையாட்டைத் திட்டவாவது கவனிக்கிறார். யார் ஆடுகிறார், எவ்வளவு பணம் புரள்கிறது என்று அவருக்குத் தெரியும். மனம் ஒட்டாதவருக்கு வெற்றியும் தோல்வியும் காதில் விழுந்து போகும் செய்திகள், அவ்வளவே. விளையாடத் தெரியாமல் இருப்பதும் இதுவும் வேறு வேறு. கண்மாய்ப் பொட்டலில் பந்தடித்து வளர்ந்தவர்கள் பலர் பின்னாளில் ஓர் ஆட்டத்தைக்கூட உட்கார்ந்து பார்ப்பதில்லை. மட்டையைத் தொட்டே இராத பலர் இருபது ஆண்டு ஸ்கோரை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பார்ப்பவர்களின் கூட்டம் கண்ணுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் எங்கும் கூடுவதில்லை என்பதால் அவர்கள் இருப்பதே வெளியே தெரிவதில்லை.

‘எல்லோரும் பார்க்கும் விளையாட்டு’ எது என்பது ஊருக்கு ஊர் மாறும். சிவகங்கை மாவட்டத்துச் சாக்கோட்டையை எடுத்துக்கொள்ளலாம். கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டை வேறு. இது காரைக்குடிப் பக்கம், புதுவயலுக்கு அருகே, வீரசேகரர் கோயிலால் அறியப்படும் ஊர். ஊராட்சி ஒன்றியத்துக்கும் இதுவே பெயர். இந்த வட்டாரத்தில் தை பிறந்தால் பேச்செல்லாம் மாட்டைப் பற்றியதுதான். காணும் பொங்கலன்று சிராவயல் பொட்டலில் நடக்கும் மஞ்சுவிரட்டுக்குச் சுற்று வட்டாரமே திரண்டு போகும். மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டில் வாடிவாசல் வழியாக ஒவ்வொரு காளையாக வரும். இங்கே தொழுவிலிருந்து வருபவை போக, வெட்டவெளியிலும் வயல்களிலும் கட்டுமாடுகளாக அவிழ்த்துவிடப்படும் காளைகள் ஏராளம். இது போதாதென்று வடமாடு உண்டு. நீண்ட வடத்தில் கட்டிய ஒரு காளையை ஒரு குழு குறித்த நேரத்துக்குள் அடக்க வேண்டும். கோயில் திருவிழாக்களையொட்டிப் பெரிய மாடு, சிறிய மாடு என்று பிரித்து மாட்டுவண்டி எல்கைப் பந்தயமும் நடக்கும்.

இவற்றையெல்லாம் பார்க்கப் போகாதவர்களும் இதே ஊர்களில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். மாடு வளர்ப்பவர் வீட்டிலேயே பொங்கல் மூன்றாம் நாளை உறங்கிக் கழிப்பவர் இருப்பார். ஆனால் மஞ்சுவிரட்டைப் பார்க்காதவரை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. அது ஆண்டில் சில நாள் வந்துபோகும் திருவிழா. கிரிக்கெட்டுக்கு அப்படியொரு எல்லை இல்லை. அது தினமும் வீட்டுக்குள் வருகிறது, கைப்பேசியில் வருகிறது, வேலை செய்யும் இடத்தில் காலை வணக்கத்துக்கு அடுத்த வாக்கியமாக வருகிறது. பற்றில்லாமல் இருப்பது ஒரு குறைபோலப் பார்க்கப்படுவது இந்த இடைவிடாத தன்மையால்தான்.

கிரிக்கெட் எல்லோருடையதாகவும் ஆனது அண்மைக்காலத்தில்தான். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846இல் ஆங்கிலேயரால் ஆங்கிலேயருக்காகத் தொடங்கப்பட்டது. இந்தியர்களுக்கென்று புச்சிபாபு நாயுடு உருவாக்கிய மெட்ராஸ் யுனைடெட் கிளப் பின்னர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் சேப்பாக்கத்தில் மோதிய ஆட்டம் பொங்கல் வாரத்தில்தான் நடந்தது. பொங்கல் மேட்ச் என்றே அதற்குப் பெயர். அதே வாரத்தில் சிராவயலில் மாடு விரட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் சேப்பாக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இங்கிலாந்துக்கு எதிராக அதே சேப்பாக்கத்தில் பெற்றது. அன்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெரும்பாலானவை அதைக் கொண்டாடவில்லை. கொண்டாட மறுத்தன என்பதில்லை. செய்தி சேருவதற்கான வழியும், அதன் பொருள் விளங்குவதற்கான பழக்கமும் அங்கே இல்லை.

வழியை முதலில் திறந்தது வானொலி. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோரின் தமிழ் வர்ணனை, ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் ஆட்டத்தைக் கொண்டுசேர்த்தது. 1982இல் டெல்லி ஆசியப் போட்டியையொட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. மறு ஆண்டு ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளை 43 ரன்னில் வென்று இந்தியா உலகக் கோப்பையை எடுத்தது. அந்த இறுதியாட்டத்தில் இரு அணியிலும் சேர்த்து அதிக ரன், 38, எடுத்தவர் சென்னைக்காரரான ஸ்ரீகாந்த். ஆனால் தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய திருப்பம் 2006இல் தொடங்கியது. அந்த ஆண்டு முதல் மாநில அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியது. மொத்தம் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அவை சென்றன. 2008 ஏப்ரலில் ஐபிஎல் தொடங்கியபோது, மாலையில் வேலை முடிந்து வருபவர் உட்கார்ந்து பார்ப்பதற்கான எல்லாமே தயாராக இருந்தன. ஆட்டம் மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. சென்னைக்கென்று ஓர் அணியும், அதற்கு மஞ்சள் நிறமும், தோனி என்ற முகமும் கிடைத்தன. 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டு ஐபிஎல் ஒளிபரப்பு உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டன. அந்தத் தொகைக்கு வாங்கப்படுவது பார்ப்பவர்களின் நேரமும் கவனமும்தான். இவ்வளவு பணம் ஒரு பழக்கத்தின்மேல் போடப்படும்போது, அந்தப் பழக்கம் இயற்கையானதைப் போலவும் அது இல்லாதவர் விதிவிலக்கு போலவும் தோன்றுவதில் வியப்பில்லை.

பணத்தாலும் பெயராலும் மட்டும் பற்றை விளைவித்துவிட முடியாது என்பதற்கு அருகிலேயே சான்று உண்டு. 2016இல் தமிழ்நாடு பிரிமியர் லீக் தொடங்கியபோது எட்டு அணிகளில் ஒன்றின் பெயர் ‘காரைக்குடி காளை’. செட்டிநாட்டு மக்களின் மனத்தில் இடம்பிடிக்க இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஊரும் அவர்களுடையது, மாடும் அவர்களுடையது. ஆனால் அந்த அணியின் ஆட்டங்கள் சென்னையிலும், திண்டுக்கல்லை அடுத்த நத்தத்திலும், திருநெல்வேலியிலும் நடந்தன; காரைக்குடியில் நடக்கவில்லை. சாக்கோட்டையிலிருந்தோ கோட்டையூரிலிருந்தோ ஒருவர் தம் ஊர் அணியை நேரில் பார்க்க வேண்டுமானால் வெளி மாவட்டத்துக்குப் போக வேண்டும். சில ஆண்டுகளில் அந்த அணி திருப்பூருக்கு இடம் மாறி ‘திருப்பூர் தமிழன்ஸ்’ ஆனது. மஞ்சுவிரட்டுக்குத் தடை வந்தால் அது சும்மா விடப்படுவதில்லை என்பதை 2017 ஜனவரியின் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் உலகமே பார்த்தது. காளையின் பெயர் தாங்கிய கிரிக்கெட் அணி போனதற்கு அப்படி யாரும் தெருவில் இறங்கவில்லை. மக்கள் எதைத் தங்களுடையது என்று நினைக்கிறார்கள் என்பதைப் பெயர்ப்பலகை முடிவு செய்வதில்லை.

ஒரு விளையாட்டின்மேல் பற்று எப்படி உண்டாகிறது என்று பார்த்தால், சிலருக்கு அது ஏன் உண்டாவதில்லை என்பதும் விளங்கும். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. பல்கலைக்கழகக் கால்பந்து அணி வென்ற வாரத்தில், திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகச் சின்னம் பொறித்த உடையில் வரும் மாணவர்கள் அதிகரித்தார்கள். வெற்றியைச் சொல்லும்போது ‘நாம்’ என்ற சொல் அதிகமாகவும், தோல்வியைச் சொல்லும்போது குறைவாகவும் வந்தது. தாம் ஆடாத ஆட்டத்தின் பெருமையில் பங்கு எடுத்துக்கொள்ளும் இயல்பு இது. ஹென்றி தஜ்ஃபெல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிச் சிறுவர்களிடம் நடத்திய சோதனைகள் இன்னொன்றைக் காட்டின: அர்த்தமே இல்லாத ஒரு காரணத்தைச் சொல்லிப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தாலும், அவர்கள் தங்கள் பக்கத்துக்குச் சாதகமாக நடக்கத் தொடங்கினார்கள்.

பக்கம் சேரும் இந்த உணர்வு எல்லோருக்கும் உண்டு. ஆனால் அது எல்லோரிடமும் விளையாட்டில் போய் ஒட்டுவதில்லை. பெரும்பாலும் அணிப் பற்று வீட்டிலிருந்து வருகிறது. அப்பா, அண்ணன், மாமா யாரோ ஒருவர் பக்கத்தில் உட்காரவைத்து விதிகளைச் சொல்லித் தந்திருப்பார். அப்படி ஒருவர் வாய்க்காதவருக்கு எல்பிடபிள்யூ விதி கடைசிவரை புதிராகவே இருக்கும். சிலருக்கு அந்த உணர்வு வேறெங்கோ செலவாகிவிடுகிறது. காரைக்குடியில் 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் விழாவுக்கு ஆண்டுதோறும் கூடிய கூட்டமும் ஒருவகை ரசிகர் கூட்டமே. கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் பழைய தமிழ் அச்சு நூல்களைத் திரட்டிச் சேர்த்தார். இன்று சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஒரு வட்டாரத்தின் ஆவேசங்கள் பலவகையாக இருந்திருக்கின்றன, அவற்றில் விளையாட்டும் ஒன்று.

விளையாட்டில் மனம் ஒட்டாதவர்களில், அதைத் தாமே எழுதிவைத்தவர் காந்தி. 1927இல் இதே சிராவயலில், பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவா நடத்திவந்த ஆசிரமத்துக்கு வந்துபோனவர் அவர். ராஜ்கோட் பள்ளியில் தலைமையாசிரியர் தோராப்ஜி எதுல்ஜி கிமி மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கினார். காந்திக்கு இரண்டுமே பிடிக்கவில்லை என்று சுயசரிதை சொல்கிறது. கட்டாயமாவதற்கு முன் கிரிக்கெட்டிலோ கால்பந்திலோ அவர் கலந்துகொண்டதே இல்லை. கூச்சம் ஒரு காரணம். பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடி நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. ஒரு சனிக்கிழமை மேகமூட்டத்தால் நேரம் தெரியாமல் தாமதமாகப் போய், உண்மையைச் சொல்லியும் நம்பப்படாமல் அபராதத்துக்கு ஆளானார். பின்னர் தந்தை கடிதம் எழுதி அவருக்கு விலக்கு வாங்கித் தந்தார்.

அதோடு அவர் நிறுத்தவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. உடற்பயிற்சிக்கும் கல்விக்கும் தொடர்பில்லை என்று அன்று நினைத்தது தவறு என்றும், உள்ளப் பயிற்சிக்கு இணையான இடம் உடற்பயிற்சிக்கும் வேண்டும் என்றும் அதே இடத்தில் எழுதுகிறார். திறந்தவெளியில் நீண்ட தூரம் நடக்கும் பழக்கம் அவர் உடலைக் காத்தது. விளையாட்டின்மேல் ஈர்ப்பு இல்லாதது வேறு, உடலைப் பேணாதது வேறு என்பதைச் சிறுவயதிலேயே வாழ்ந்து காட்டியவர் அவர். 1940 டிசம்பரில் பம்பாயின் பென்டாங்குலர் கிரிக்கெட் போட்டி பற்றி அவரிடம் கேட்கப்பட்டபோது, மதவாரியாக அணி பிரித்து ஆடுவதை அவர் எதிர்த்தார். அந்தப் போட்டி 1946இல் நின்றுபோனது. ஆட்டத்தின்மேல் பற்றில்லாதவர் அதன் சமூக விளைவைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

பள்ளிகள் இந்த வேறுபாட்டை இன்னும் சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை. விளையாட்டுப் பீரியடில் நன்றாக ஆடும் இருபது பேர் மைதானத்தை எடுத்துக்கொள்ள, மற்றவர்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து பார்ப்பது பல இடங்களில் வழக்கம். நடை, நீச்சல், சைக்கிள், யோகா, சிலம்பம் என்று போட்டியில்லாமல் உடலை இயக்கும் வழிகள் பல இருக்க, அணியில் சேர்க்கப்படாத பிள்ளைக்கு ‘உனக்கு விளையாட்டு வராது’ என்ற ஒற்றைச் சொல்லே கிடைப்பது அநியாயம்.

பெரியவர்களிடம் இந்த அழுத்தம் வேறு வடிவில் வரும், அதிலும் ஆண்களுக்கு. முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் பேச்சைத் தொடங்குவதற்கு மேட்ச் ஓர் எளிய வழி. அது தெரியாதவர் டீக்கடையிலும் அலுவலகத்திலும் பேச்சுக்கு வெளியே நின்றுவிடுகிறார். பெண்கள் பார்க்காவிட்டால் அதை யாரும் விசித்திரமாக எண்ணுவதில்லை. பார்த்தால்தான் ‘உனக்கு இதெல்லாம் தெரியுமா’ என்று சோதனைக் கேள்வி வருகிறது. இரண்டும் ஒரே முன்முடிவின் இரு முகங்கள்.

பற்றின்மையைப் புறக்கணிப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2013இல் ஈழத் தமிழர் துயரை முன்வைத்து, இலங்கை வீரர்கள் சென்னையில் ஐபிஎல் ஆடக் கூடாது என்று தமிழ்நாடு அரசு சொன்னது, அவர்கள் ஆடவில்லை. 2018 ஏப்ரலில் காவிரி மேலாண்மை வாரியத்துக்கான போராட்டத்தின்போது சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம் மட்டும் பலத்த காவலோடு நடந்தது. சென்னை அணியின் மற்ற உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. அன்று போராடியவர்களில் அந்த அணியை நேசித்தவர்களும் இருந்தார்கள். நேசிப்பதைத் தள்ளிவைப்பதால்தான் புறக்கணிப்புக்கு வலு கிடைக்கிறது. முதலிலிருந்தே பார்க்காதவருக்குப் புறக்கணிக்க எதுவும் இல்லை.

இதைவிடக் கெடுதலான குழப்பம், பற்றின்மையை நாட்டுப்பற்றின்மையாகக் கொள்வது. 1990இல் பிரிட்டிஷ் அரசியல்வாதி நார்மன் டெபிட், குடியேறிய ஆசியர்கள் எந்தக் கிரிக்கெட் அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதை அவர்களின் விசுவாசத்துக்குச் சோதனையாக வைத்தார். அங்கே வாழும் தமிழரையும் தொட்ட கேள்வி அது. அந்தச் சோதனையில், எந்த அணிக்கும் கைதட்டாத ஒருவருக்கு இடமே இல்லை. இந்தியாவிலும் பெரிய ஆட்டங்களன்று அதே தொனியில் கேள்விகள் எழுவதுண்டு. அவற்றுக்குச் சட்டத்தில் எந்த அடிப்படையும் கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு குடிமக்களுக்கு வகுத்திருக்கும் பதினொரு கடமைகளில் எந்த ஆட்டத்தையும் பார்ப்பது இல்லை. ஹாக்கிதான் தேசிய விளையாட்டு என்று பாடப்புத்தகங்கள் பல காலம் சொல்லிவந்தன. 2012இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கப்பட்ட கேள்விக்கு, எந்த விளையாட்டும் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்படவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் பதில் அளித்தது.